மணலில் ரெஃப்ரி நிற்கப் போகிறீர்களா? விசிலும் வாட்சும் வாங்க ஒரு வழிகாட்டி

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை குமரி மாவட்டக் கடற்கரையில் பந்து உதைக்க ஆள் தேட வேண்டியதில்லை. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்திய அணிக்கு ஆடும் அளவுக்குப் போனது இந்தக் கரையிலிருந்துதான். தட்டுப்பாடெல்லாம் விசில் பிடிக்கிற பக்கத்தில். ஊர்த் திருவிழாவையொட்டி டூர்னமெண்ட் வைத்தால், ஆடி ஓய்ந்த ஒருவரையோ பள்ளிக்கூடத்து பி.டி. சாரையோ பிடித்து, "அண்ணே, ரெண்டு மேட்ச் மட்டும் நில்லுங்க" என்பார்கள் கமிட்டிக்காரர்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டில் கிடக்கிற விசிலும் கையில் கட்டியிருக்கிற வாட்சும் போதுமென்று இறங்கப் போகிற புதியவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

நடுவரிடம் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று கால்பந்தின் ஐந்தாம் விதி சொல்பவை கொஞ்சம்தான்: விசில், வாட்ச், சிவப்பு மஞ்சள் கார்டுகள், குறித்துவைக்க ஒரு நோட்டு. விசிலும் வாட்சும் ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் அதே விதியில் இடமிருக்கிறது. எந்தக் கம்பெனி, எவ்வளவு சத்தம், எத்தனை பட்டன் என்பதையெல்லாம் விதி பேசுவதில்லை. அதை முடிவு செய்வது நீங்கள் நிற்கப்போகும் கிரவுண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையிலிருக்கும் காசை முதலில் விசிலில் போடுங்கள், வாட்சில் மிச்சம் பிடியுங்கள், இரண்டிலும் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். பெரும்பாலும் புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. பளபளப்பான வாட்ச் ஒன்றும், கடைக்காரர் எடுத்துக்கொடுத்த ஏதோ ஒரு விசிலும்.

படி 1: கிரவுண்டின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாலையில் அந்த கிரவுண்டில் போய் நில்லுங்கள். கடலோரத்தில் முதலில் காதில் விழுவது அலையிரைச்சல். டூர்னமெண்ட் நாளில் அதன் மேல் மைக் செட் ஏறும். நேர்முக வர்ணனை, நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப்பட்டியல், இடைவேளையில் பாட்டு, கோல் விழுந்தால் மேளம். ஆனி, ஆடி மாதங்களில் இவற்றோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் நிற்கும் ஆட்டக்காரருக்கு உங்கள் விசில் ஒழுங்காகப் போய்ச் சேராது. காற்றை எதிர்த்துப் போகிற சத்தம் மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றாலைகள் அங்கே சும்மா வரவில்லை.

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம், கல்லூரி மைதானங்கள் போன்ற இடங்களில் பிரச்சினை வேறு மாதிரி. பக்கத்திலேயே வாலிபால் நடக்கும், கபடி நடக்கும், இன்னொரு ஃபுட்பால் மேட்சே நடக்கும். எல்லோர் கையிலும் விசில். உங்கள் விசிலின் தொனி பக்கத்து ஆட்டத்து விசிலிலிருந்து தனியாகத் தெரிய வேண்டும். இதற்காகத்தான் இரண்டு விசிலும் இரண்டு வேறு தொனியில் இருப்பது நல்லது. பக்கத்து ரெஃப்ரி ஊதுவதும் உங்களுடையது போலவே கேட்டால் பாக்கெட்டில் இருக்கும் மற்றதை எடுத்துவிடலாம். ஆனால் பாதி ஆட்டத்தில் காரணமில்லாமல் மாற்றாதீர்கள். ஆட்டக்காரர்கள் ஒரு சத்தத்துக்குப் பழகிவிடுவார்கள்.

பார்வையாளர் விசிலும் உண்டு. நம் ஊரில் விரலை மடக்கி வாயில் வைத்து அடிக்கிற விசிலுக்கு எந்தக் கம்பெனி விசிலும் ஈடாகாது. வெளியிலிருந்து வந்த விசிலைக் கேட்டு, ஆட்டம் நின்றுவிட்டதென்று நினைத்து ஒரு டிஃபெண்டர் பந்தைக் கையில் எடுத்துவிட்டால் ஹேண்ட்பால் கொடுக்கக் கூடாது. வெளி விசில் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று நீங்கள் கருதினால் ஆட்டத்தை நிறுத்தி, ட்ராப் பாலில், அதாவது நீங்களே பந்தைக் கீழே போட்டு, தொடங்க வேண்டும் என்பதுதான் விதி. மேட்சுக்கு முன்பே மைக் பிடித்திருப்பவரிடம் சொல்லி ஒரு அறிவிப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். அடங்குவார்களா என்பது வேறு விஷயம், சொல்லிவைத்ததற்குச் சாட்சியாவது இருக்கும்.

படி 2: உள்ளே உருண்டை உள்ளதா, இல்லாததா

விசிலில் அடிப்படையில் இரண்டு இனம். ஒன்று, உள்ளே சின்ன உருண்டை ஓடுவது. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த உருட்டல் சத்தம் அதனுடையது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஜோசப் ஹட்சனின் கம்பெனி 1884-ல் கொண்டுவந்த ஆக்மி தண்டரர்தான் இந்த இனத்தின் தலைமகன். அதற்கு முன்பெல்லாம் ஆட்டத்தை நிறுத்தக் கைக்குட்டையை ஆட்டிய காலமும் இருந்திருக்கிறது. காற்று உள்ளே புகும்போது உருண்டை சுற்றிச் சுற்றி வந்து காற்று வெளியேறும் துளையை மறைத்து மறைத்துத் திறக்கும். அந்த விட்டுவிட்டு வரும் அதிர்வுதான் உருட்டல். ஊதுகிற பலத்தை மாற்றினால் சத்தமும் மாறும். மெதுவாக ஒரு எச்சரிக்கை, பலமாக ஒரு கண்டிப்பு என்று அதில் பேசலாம். பழைய ரெஃப்ரிகள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

ஆனால் அந்த உருண்டைதான் அதன் பலவீனமும். எச்சில் சேரும், மழைத்தண்ணீர் இறங்கும், மணல் துணுக்கு புகும், உருண்டை ஒட்டிக்கொள்ளும். ரொம்ப வேகமாக ஊதினாலும் அடைத்துக்கொண்டு வெறும் காற்றுதான் வரும். கனடாவைச் சேர்ந்த கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்க்ராஃப்ட்டுக்கு 1984-ல் பிரேசிலில் ஒரு மேட்சில் நடந்தது இதுதான். ஃபவுல் நடந்தது, ஊதினார், சத்தம் வரவில்லை. அந்தக் கடுப்பில் ஊர் திரும்பி, உருண்டையே இல்லாத விசில் ஒன்றை வடிவமைக்க ஆள் பிடித்தார். அதுதான் 1987-ல் வெளிவந்த ஃபாக்ஸ் 40. இந்த இனத்தில் உள்ளே அசையும் பொருள் எதுவும் இல்லை. அளவில் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட அறைகள் மட்டும். ஒவ்வொரு அறையும் சற்றே வேறு சுருதியில் ஒலிக்கும். அவை ஒன்றோடொன்று மோதுவதால்தான் அந்தக் கூர்மையான நடுக்கம் கிடைக்கிறது. தண்ணீரில் முக்கி எடுத்து உதறிவிட்டு ஊதினாலும் வேலை செய்யும்.

குமரி மாவட்டத்துக்கு எது என்று கேட்டால் யோசிக்கவே தேவையில்லை, உருண்டை இல்லாததுதான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் வந்து போகிற மாவட்டம் இது. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிரவுண்டுகளில் மழைக்குப் பஞ்சமில்லை, கடற்கரையில் மணலுக்குப் பஞ்சமில்லை. உருண்டை விசிலுக்கு இரண்டுமே ஆகாது.

ஃபாக்ஸ் 40 கிளாசிக் 115 டெசிபல் சத்தம் தரும் என்று கம்பெனி சொல்கிறது. ஆக்மியிலும் டொர்னாடோ என்று உருண்டையில்லாத வகை இருக்கிறது. ஜப்பானின் மோல்டன் கம்பெனி ஃபுட்பாலுக்கென்றே வால்கீன் என்ற விசிலைச் செய்கிறது. விலை கூடுதல், புதியவருக்கு அவசியமில்லை. டெசிபல் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சத்தத்தின் அளவைப் போலவே சுருதியும் முக்கியம். மனிதக் காது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை மிகக் கூர்மையாகக் கேட்கும். அலையிரைச்சலும் மேளமும் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் பலமாக இருக்கும். ஆக, அதே பலத்தில் ஊதினாலும் கொஞ்சம் கீச்சென்று இருக்கிற விசில் கடற்கரையில் நன்றாகத் துளைத்துக்கொண்டு போகும். வீட்டு ஹாலில் ஊதிப்பார்த்து "காது வலிக்குது" என்று ஒதுக்கிய விசில்தான் முட்டத்திலோ மணக்குடியிலோ உதவும்.

கையால் அழுத்தினால் ஒலிக்கிற எலக்ட்ரானிக் விசிலும் கிடைக்கிறது. கொரோனா காலத்தில் சிலர் வாங்கினார்கள். பேட்டரி, உப்புக்காற்று, மழை மூன்றையும் நினைத்துப் பார்த்தால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 3: போலியைத் தவிர்த்து வாங்கி, கரையில் சோதியுங்கள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் விளையாட்டுப் பொருள் கடைகள் இருக்கின்றன. எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போனால் வகை கூடுதல். ஆன்லைனிலும் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், பெயர் பெற்ற விசில்களுக்கு அச்சு அசலான போலிகள் ஏராளம். எழுத்துகள் மேலே வெறும் மையில் அச்சடித்ததுபோல் இருந்தால், இரண்டு பாதிகளும் ஒட்டிய இடத்தில் பிசிர் தெரிந்தால், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒட்டு சரியில்லாத விசிலில் காற்று கசியும், சத்தம் வரும்போதே இரைச்சலும் வரும். அதற்காக எல்லா மலிவு விசிலும் குப்பை என்று சொல்லவில்லை. தன் சொந்தப் பெயரில் நேர்மையாக விற்கிற இந்தியத் தயாரிப்பு ஒன்று, போலி ஃபாக்ஸை விட நூறு மடங்கு மேல்.

கடையில் வாயில் வைத்து ஊதிப்பார்க்க விடமாட்டார்கள், நீங்களும் கேட்கக் கூடாது. எத்தனை பேர் ஊதிய விசிலோ? வாங்கிக்கொண்டுபோய் கிரவுண்டில் சோதியுங்கள். நீங்கள் ஒரு கோல் போஸ்டில் நில்லுங்கள். நண்பரை எதிர் போஸ்டில், காற்று வருகிற பக்கத்தில், உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். சத்தம் கேட்டதும் அவர் கையைத் தூக்க வேண்டும். முதலில் சாதாரண மூச்சில் ஒரு ஊது. அப்புறம் முழு மூச்சில். கடைசியாக, ஒரு முறை கிரவுண்டு முழுக்க வேகமாக ஓடிவந்து, மூச்சு வாங்கும்போதே ஒரு ஊது. மூன்றாவதுதான் உண்மையான சோதனை. எழுபதாவது நிமிடத்தில் உங்கள் நுரையீரலில் மிச்சமிருப்பது அவ்வளவுதான். அந்த அரை மூச்சிலும் 'டக்'கென்று உடனே பேசுகிற விசிலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊதும் விதத்தையும் அப்போதே பழகிவிடுங்கள். கன்னத்தை உப்பவைத்து ஊதினால் சத்தம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், நடுவருக்கே சந்தேகம் இருப்பதுபோல் கேட்கும். நாக்கின் நுனியால் துளையை அடைத்து, வயிற்றிலிருந்து காற்றை அழுத்தி, நாக்கைச் சட்டென்று விலக்குங்கள். நிறுத்துவதும் நாக்காலேயே.

படி 4: கயிற்றில் தொங்குமா, விரலில் இருக்குமா

கழுத்துக் கயிறு வேண்டாம். ஓடும்போது நெஞ்சில் ஆடும், தள்ளுமுள்ளு வந்தால் யார் கையாவது அதில் மாட்டும். மணிக்கட்டில் சுற்றுகிற கயிறு ஒன்று, இல்லையென்றால் இரண்டு விரலில் மாட்டுகிற பிடி ஒன்று. நான் விரல் பிடியின் பக்கம். விசில் எப்போதும் கையில் இருக்கும், விழாது, ஓடும்போது கையை வீசவும் தடையில்லை.

வாயில் கவ்விக்கொண்டே ஓடுகிற பழக்கத்தை ஆரம்பத்திலேயே தவிர்த்துவிடுங்கள். பந்து முகத்தில் பட்டால் பல்லுக்கு ஆபத்து என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வாயில் இருக்கிற விசில் மூளைக்கு முன்னால் ஊதிவிடும். ஃபவுலுக்கு ஆளான டீமிடமே பந்து இருந்து, ஆட்டம் அவர்களுக்குச் சாதகமாகப் போனால், நிறுத்தாமல் அட்வான்டேஜ் கொடுக்க வேண்டும் அல்லவா? கை வாய்க்குப் போகிற அந்த ஒரு நொடிதான் உங்களுக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம்.

படி 5: எங்கே ஊத வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும்

ஆட்டம் தொடங்கவும், கோலுக்குப் பிறகு தொடங்கவும், ஒவ்வொரு பாதியை முடிக்கவும், ஃப்ரீ கிக்குக்கோ பெனால்டிக்கோ ஆட்டத்தை நிறுத்தவும் விசில் கட்டாயம். பெனால்டி அடிக்கச் சொல்லவும், தடுக்க வரிசையாக நிற்கும் ஆட்டக்காரர்களின் சுவரைப் பின்னால் நகர்த்திய ஃப்ரீ கிக்கைத் தொடங்கவும், கார்டு, காயம், ஆள் மாற்றம் இவற்றுக்குப் பிறகு தொடங்கவும் கட்டாயம். தெளிவாக வெளியே போன பந்துக்கு, த்ரோவுக்கு, கார்னருக்கு, கோல் கிக்குக்குத் தேவையில்லை, கையைக் காட்டினால் போதும். எல்லாவற்றுக்கும் ஊதிக்கொண்டே இருந்தால், முக்கியமான நேரத்தில் ஊதும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் நம் செவன்ஸ் மேட்சுகளில் புதிய ரெஃப்ரியை அடையாளம் காட்டுவது அவருடைய ஜெர்சி அல்ல, முதல் பத்து நிமிடத்தில் அவர் ஊதுகிற எண்ணிக்கை.

சாதாரண ஃபவுலுக்குச் சுருக்கமாக ஒன்று. பெனால்டிக்கும் முரட்டு டேக்கிளுக்கும் நீளமாக, பலமாக. இடைவேளைக்கு இரண்டு, முடிவுக்கு மூன்று என்பது வழக்கம்தான், விதியில் இல்லை. ஆனால் எல்லோருக்கும் புரிகிற வழக்கத்தை மாற்ற வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் மேட்சில் பாதி மூச்சு போதும். யார் காதுக்குப் பக்கத்திலும் முழு பலத்தில் ஊதாதீர்கள், 115 டெசிபல் விளையாட்டல்ல.

படி 6: வாட்சில் என்ன பார்ப்பது

இங்கேதான் மிச்சம் பிடிக்கச் சொன்னேன். நடுவரின் வாட்ச் செய்ய வேண்டிய வேலை சொற்பம். வெயிலில் ஓடிக்கொண்டே ஒரு பார்வையில் படிக்க முடியவேண்டும், பார்க்காமலே பட்டனை அழுத்த முடியவேண்டும், அழுத்தியது விரலுக்குத் தெரியவேண்டும், வியர்வையும் மழையும் உள்ளே போகக் கூடாது. முள் வாட்ச் இதற்கு ஆகாது. டிஜிட்டலிலும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எண் காட்டுகிற ஸ்டைலான வகை மதிய வெயிலில் ஒன்றும் தெரியாது. வெளிர் பின்னணியில் கறுப்பு எண்ணே நல்லது.

பலருடைய வீட்டில் ஏற்கெனவே இருப்பது கேசியோ எஃப்-91டபிள்யூ. பழைய, மலிவான, எளிதில் சாகாத வாட்ச். அதன் ஸ்டாப்வாட்ச் 59 நிமிடம் 59 வினாடி வரை ஓடும், அதாவது ஒரு பாதிக்குத் தாராளம். ஆனால் கவுண்ட்டவுன் இல்லை, விளக்கு மங்கல். இன்னொரு கண்ணியும் அதில் இருக்கிறது. விளக்குக்கு உள்ள இடது மேல் பட்டன்தான் ஸ்டாப்வாட்சுக்கு இடைநேரம் காட்டும் பட்டனும், அழிக்கும் பட்டனும். ஓடிக்கொண்டிருக்கும்போது இருட்டில் விளக்குக்காக அதை அழுத்தினால் திரையில் எண் உறைந்து நிற்கும். உள்ளே நேரம் ஓடும், உங்களுக்குத் தெரியாது. ஸ்டாப்வாட்சை நிறுத்திவைத்திருக்கும்போது அழுத்தினால் எல்லாம் சைபராகிவிடும். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் நம் ஊரில், இது நடக்கக்கூடிய விஷயம். ஃப்ளட்லைட் மேட்சுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

ஒரு படி மேலே போனால் அதே கம்பெனியின் ஏஇ-1200டபிள்யூஹெச். ஒரு நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் வரை கவுண்ட்டவுன் வைக்கலாம், 100 மீட்டர் தண்ணீர்த் தாங்குதிறன் உண்டு. முகப்பில் உலக வரைபடம், சின்ன முள் கடிகாரம் என்று நெரிசல், எண் கொஞ்சம் சிறியது. கண்ணாடி போடுகிற வயதுக்காரர்கள் கடையில் கட்டிப்பார்த்து முடிவு செய்யுங்கள். பெயர் தெரியாத வாட்சானாலும் எண் பெரிதாக, பட்டன் கெட்டியாக இருந்தால் வாங்கலாம். ஸ்வீடனின் ஸ்பின்ட்சோ நடுவர்களுக்கென்றே செய்யப்படுவது. ஓடிய நேரம், மிச்ச நேரம், வீணான நேரம் எல்லாம் ஒரே முகப்பில். அருமையான சாமான்தான். ஆனால் முதல் சீசனில் அதை வாங்குவது தேவையில்லாத செலவு. இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று முதலில் பாருங்கள்.

'வாட்டர் ரெசிஸ்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால் தெறிக்கிற தண்ணீருக்குத் தாங்கும் என்றுதான் பொருள். மழையில் நிற்க 50 மீட்டர் என்று போட்டது நல்லது. எப்படியானாலும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போது தேவையில்லாமல் பட்டனை அழுத்த வேண்டாம்.

படி 7: ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருப்பவருக்கு

நடுவர்களுக்கான செயலிகள் இருக்கின்றன, ஓடிய தூரம்கூடக் காட்டும். தகவல் தொடர்புக் கருவி, ஓட்டத்தையும் உடல்நிலையையும் அளக்கிற கருவி தவிர வேறு எலக்ட்ரானிக் சாதனங்களைக் களத்தில் நடுவர் அணியக் கூடாது என்று விதி சொல்கிறது. போனோடு இணைந்து மெசேஜ் வாங்குகிற வாட்சைக் கட்டிக்கொண்டு நின்றால் யாராவது கேள்வி கேட்பார்கள், கேட்பதிலும் நியாயம் உண்டு. கட்டியே ஆகவேண்டும் என்றால் இணைப்பை முழுக்கத் துண்டித்துவிடுங்கள், போட்டி நடத்துகிறவரிடமும் சொல்லிவிடுங்கள். வியர்வைக் கையால் தொடுதிரையில் நேரத்தை நிறுத்துவது நடக்கிற காரியமல்ல என்பது என் அபிப்பிராயம். திரையில் ஒரு மழைத்துளி விழுந்தாலே அது பட்டன் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். ஸ்மார்ட்வாட்சை இரண்டாவது வாட்சாக வைத்துக்கொள்ளுங்கள், முதலாவதாக வேண்டாம்.

படி 8: இரண்டு வாட்சும் எப்படி ஓட வேண்டும்

மேட்சுக்கு முன் கமிட்டியிடம் ஒரு பாதி எத்தனை நிமிடம் என்று கேட்டு, இரண்டு கேப்டன்கள் முன்னாலும் சொல்லிவிடுங்கள். முழு ஆட்டத்தில் ஒரு பாதி 45 நிமிடம், இடைவேளை 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. செவன்ஸில் 20, 25, 30 என்று ஊருக்கு ஊர் மாறும். போட்டியின் விதி அனுமதித்தால், தொடங்கும் முன்பே பேசிக் குறைத்துக்கொள்ளலாம். தொடங்கிய பிறகு, இருட்டுகிறது என்று குறைக்க முடியாது.

இடது கையில் ஒன்று. கிக் ஆஃப் விசிலோடு தொடங்கினால் பாதி முடியும்வரை அதைத் தொடவே கூடாது. வலது கையில் மற்றது. அது வீணான நேரத்தை மட்டும் சேர்த்துவைக்கும். காயம் பட்டு ஒருவர் விழுந்தாரா, வலது கை ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். ஆட்டம் தொடங்கியதும் நிறுத்துங்கள், அழிக்காதீர்கள். அடுத்த ஆள் மாற்றத்தில் அதே இடத்திலிருந்து மறுபடி ஓடட்டும். இடது கையில் 45 ஆகும்போது, வலது கையில் இருப்பதுதான் நீங்கள் கொடுக்க வேண்டிய இஞ்சுரி டைம். கணக்கே போட வேண்டாம். ஓடுகிற வாட்சை நிறுத்தி நிறுத்தித் தொடங்குகிற முறையும் உண்டு. அதில் மறுபடி ஓடவிட மறந்துவிட்டால் போனது போனதுதான். நான் சொன்ன முறையில் வலது கை மறந்தாலும் இடது கை உங்களைக் காப்பாற்றும். எஃப்-91டபிள்யூவைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா? அதை இடது கையில் கட்டுங்கள். நிறுத்தி நிறுத்தி ஓடவிட வேண்டிய வலது கைக்கு, விளக்கும் அழிப்பும் வேறு வேறு பட்டனில் உள்ள வாட்ச்.

எதற்கு வலது கையை ஓடவிடுவது? ஆள் மாற்றம், காயம், கார்டு, வேண்டுமென்றே நேரம் கடத்துவது, கோல் கொண்டாட்டம், தண்ணீர் இடைவேளை. தண்ணீர் குடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் உடலைக் குளிர்விக்க என்றே இடைவேளை விட்டால் ஒன்றரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம் வரை போகலாம். சாதாரண த்ரோவுக்கும் கோல் கிக்குக்கும் ஓடவிட வேண்டாம். பந்து கடலுக்குள் போய்விட்டால்? தாராளமாக ஓடவிடுங்கள்.

கோலி பந்தைப் பிடித்துவைத்திருக்கும் நேரத்துக்கு வாட்சைப் பார்க்காதீர்கள். 2025-26 சீசனிலிருந்து எட்டு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து வினாடியைக் கையைத் தூக்கி விரல் மடக்கிக் காட்ட வேண்டும். உள்ளூர்க் கமிட்டி இந்தப் புது விதியை எடுத்துக்கொண்டதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அங்கே ஒரு சண்டை உறுதி.

முதல் பாதியில் ஒரு நிமிடம் தவறிப்போனால், இரண்டாம் பாதியில் சரிக்கட்டலாம் என்ற எண்ணம் வரும். விதி அதை வெளிப்படையாகவே தடுக்கிறது. எப்போது முடிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். 1978 உலகக் கோப்பையில் பிரேசிலும் ஸ்வீடனும் 1-1 என்று இருந்தபோது பிரேசிலுக்குக் கார்னர். அடித்த பந்து காற்றில் இருக்கும்போதே வேல்ஸ் நடுவர் கிளைவ் தாமஸ் முடிவு விசிலை ஊதினார். ஜீகோ தலையால் முட்டி உள்ளே அனுப்பியது செல்லவில்லை. நேரம் முடிந்ததும் ஊத நடுவருக்கு உரிமை உண்டு. நேரம் நீட்டிக்கக் கட்டாயம் உள்ளது பெனால்டிக்கு மட்டும்தான். ஆனாலும் அந்த விசிலைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். நேரம் ஆகிவிட்டதென்றால் கார்னரை எடுக்கவிடுவதற்கு முன்பே ஊதுங்கள், எடுக்கவிட்டால் அந்தப் பந்து ஒரு முடிவுக்கு வரட்டும். உலகக் கோப்பை நடுவருக்கு போலீஸ் பாதுகாப்பு இருந்தது. உங்களுக்கு பைக் நிறுத்தின இடம் வரை நடந்து போக வேண்டியிருக்கும்.

லைன்ஸ்மேன் இருவரையும் வாட்ச் ஓடவிடச் சொல்லுங்கள். 2022 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் துனிசியா, மாலி ஆட்டத்தை நடுவர் ஜானி சிகாஸ்வே 85-ஆவது நிமிடத்திலேயே முடித்துவிட்டார். எடுத்துச் சொன்ன பிறகு மறுபடி தொடங்கி, அதையும் 90 ஆவதற்குச் சில வினாடிகள் இருக்கும்போதே முடித்தார். வெயில் தாக்கியதுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. வாட்ச் நன்றாக இருந்தும் பார்க்கிற தலை சூடாகிவிட்டால் இதுதான் கதி. முடிக்கும் முன் லைன்ஸ்மேனை ஒரு பார்வை பார்த்து, அவர் தலையசைத்த பிறகு ஊதுவது நல்ல பழக்கம்.

படி 9: உப்பிலிருந்து காப்பாற்றுவது

கடற்கரை மேட்ச் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, விசிலையும் வாட்சையும் நல்ல தண்ணீரில் அலசுவது. விசிலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, துளைக்குள் தண்ணீரை வேகமாக ஓடவிட்டால் மணல் வெளியே வந்துவிடும். ஊசி, குச்சி விட்டுக் குடையாதீர்கள். உள்விளிம்பில் கீறல் விழுந்தால் சத்தம் கெடும். வெயிலில் காயப்போட வேண்டாம், நிழல் போதும். உங்கள் விசிலை யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள். கேட்டால் கொடுக்கவென்று ஒரு மூன்றாவது மலிவு விசிலைப் பையில் போட்டுவைப்பது மனஸ்தாபத்தைத் தவிர்க்கும்.

உலோக விசில் அழகு, ஆனால் உப்புக்காற்றில் மேல்பூச்சு உரிந்து பச்சை பிடிக்கும். வாட்சில் முதலில் சாவது எந்திரமல்ல, ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் இரண்டு சின்னப் பின்கள். உப்பில் துருப்பிடித்து ஒருநாள் ஓட்டத்தில் அறுந்து விழும். வாட்சின் அடியில் ஒரே பட்டையாக ஓடுகிற நைலான் ஸ்ட்ராப் போட்டுவிட்டால் ஒரு பின் போனாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். தோல் ஸ்ட்ராப் வியர்வையில் நாறிவிடும்.

மற்றவை சுருக்கமாக. நோட்டில் எழுதப் பென்சில், மழையில் பேனா மை கரையும். கார்டு இரண்டும் வேறு வேறு பாக்கெட்டில். டாஸுக்கு ஒரு நாணயம். இரண்டாவது விசில் பின்பாக்கெட்டில் இருக்கட்டும், கிரவுண்டுக்கு வெளியே பைக்குள் இருந்து பயனில்லை.

பேட்டரி விஷயம் ஒன்று. எண் மங்கத் தொடங்கினாலோ, விளக்குப் போடும்போது எண் மறைந்து மறைந்து வந்தாலோ அடுத்த மேட்சுக்கு முன் மாற்றிவிடுங்கள். மாற்றுகிற கடைக்காரரிடம், பின்மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தைச் சரியாக உட்காரவைத்து மூடச் சொல்லுங்கள், நசுங்கியிருந்தால் புதிது போடச் சொல்லுங்கள். அவசரத்தில் அதை மடித்து மூடிவிட்டால், வாட்சில் 100 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் அடுத்த மழைக்குள்ளேயே கண்ணாடிக்குள் ஆவி படியும். மாற்றிய அன்று ஒரு மணி நேரம் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுப் பார்த்த பிறகு மேட்சுக்குக் கட்டுங்கள்.